டெக் வாடகையில இருந்து லைவ் வரைக்கும்: மோட் போட்ட கேமைக் காட்டினா என்ன நடக்கும்?

வைஸ் சிட்டி விளையாடின ஆக்களுக்கு ஒரு ஃபோல்டர் ஞாபகம் இருக்கும். கேம் இருக்கிற இடத்தைத் திறந்தா ‘எம்பி3’ எண்டு ஒரு குட்டி ஃபோல்டர். நமக்குப் புடிச்ச பாட்டை அதுக்குள்ள போட்டுட்டா, கேமுக்குள்ள கார்ல ஏறி ரேடியோவை மாத்திக்கொண்டு போகக்குள்ள அந்தப் பாட்டும் ஒரு ஸ்டேஷனா வரும். 1986ஆம் ஆண்டில், மியாமியைப் போல ஒரு கற்பனை நகரத்தில், கடற்கரை ஓரமாக ரஹ்மான் பாட்டோடு கார் ஓட்டின தலைமுறை நாங்க.

அது மோட் இல்லை. அந்தக் கதவைக் கேம் செய்தவர்களே வைத்திருந்தார்கள். அவர்கள் வைக்காத கதவுகளையும் ஆக்கள் திறந்தார்கள். டொமியின் முகத்தை மாற்றுவது, காருக்குப் பதிலா ஓட்டோ விடுவது, கடைப் பலகையில தமிழ் எழுதுவது. இப்படி வெளியில் இருந்து ஒருவர் கேமின் கோப்புகளை மாற்றிச் செய்யும் திருத்தத்துக்குத்தான் மோட் என்று பெயர். அந்த நாள்ல கடையில வாங்கின சீடீக்குள்ள எது ஒரிஜினல், எது யாரோ மாத்தி எரிச்சது எண்டே எங்களுக்குத் தெரியாது. தெரியவும் தேவைப்படல்ல.

இப்ப அதே வேலையை மருதமுனையிலயும் நிந்தவூர்லயும் பொடியன்கள் லைவ்ல செய்யிறாங்க. யூடியூப்ல ஒரு சேனல், ஃபேஸ்புக்ல ஒரு பேஜ், அறைக்குள்ள ஒரு மைக். “இதுக்கெல்லாம் கேஸ் போடுவானுகளா?” என்று கேட்பார்கள். நாம் வாய் திறக்க முந்தியே, “கல்முனைக்கு வந்து யாரு கேக்கப் போறான்” என்று அவர்களே பதிலும் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதில் ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. அது ஏன் சரியாக இருந்தது, எப்போது பிழைத்துப் போனது என்பதைக் கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

1977க்குப் பிறகு இலங்கையின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. மத்திய கிழக்கு வேலைவாய்ப்பும் அதை ஒட்டித்தான் வந்தது. எங்கட கரையில் சவூதிக்கோ குவைத்துக்கோ ஒருவராவது போகாத குடும்பம் குறைவு. போனவர்கள் கொண்டுவந்த சாமான்களில் வீடியோ டெக்கும் ஒன்று. டெக்கையும் டீவியையும் ஒரு ராவைக்கு வாடகைக்கு எடுத்து, முற்றத்துல பாய் விரிச்சு, விடிய விடிய மூணு படம் பாத்த கதையை வாப்பாமாரிட்ட கேட்டா இப்பவும் சிரிச்சுக்கிட்டுச் சொல்லுவாங்க. கரண்ட் இல்லாட்டி ஜெனரேட்டர். சில இடத்துல தலைக்கு இவ்வளவு எண்டு காசும் வாங்கினாங்க. அந்தக் கசட் கொப்பியின் கொப்பி. மழை பெய்யிற மாதிரிக் கோடு கோடா ஓடும்.

சட்டம் அப்பவும் இருந்தது. இலங்கை 1959இலேயே பேர்ண் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது. அதில் சேர்ந்த மற்ற நாட்டுக்காரரின் படைப்புகளையும் இங்கே பாதுகாக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். 1979இல் 52ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டக்கோவை வந்தது. ஆனா படத்தின் சொந்தக்காரர் சென்னையில், டெக் சாய்ந்தமருதில். இடையில் கடல், மறுகா யுத்தம், செக் பொயின்ட். இப்படி ஒரு முற்றம் இருப்பதே அவருக்குத் தெரியாது. எங்களைக் காப்பாற்றியது சட்டத்தில் இருந்த ஓட்டை இல்லை. தூரம்தான் காப்பாற்றியது.

வீடியோ கேமில் இந்தக் கேள்வி முதலில் அமெரிக்காவில் எழும்பியது. ‘டபுள் ட்ராகன்’ தெரியாத ஆக்கள் குறைவு. ரெண்டு சகோதரங்கள் தெருவால நடந்து நடந்து அடிக்கிற அந்தப் பழைய கேம். அதன் உரிமை டைட்டோ என்ற ஜப்பானியக் கொம்பனியிடம் இருந்தது. அமெரிக்காவில் கேம் கடை நடத்தின ஒரு நிறுவனம் அந்தக் கேமின் அசல் பலகைகளை, கள்ளக் கொப்பி அல்ல, அசலையே, வேறு வழியாக மலிவாக வாங்கிக் கடையில் காசு போட்டு விளையாடும் பெட்டிகளுக்குள் வைத்தது. 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இதுதான்: பெட்டியை வாங்குவது வேறு, அதைப் பொது இடத்தில் ஓட்டிக் காட்டுவது வேறு, காட்டுவதற்குத் தனியாக அனுமதி வேண்டும்.

இந்த ஒரு வேறுபாட்டை மனசுல வெச்சுக்கொள்ளுங்க. கேமை வாங்கிட்டேன் எண்டு சொல்லுறவனுக்கும், காட்டுறதுக்கு உரிமை இருக்கு எண்டு சொல்லுறவனுக்கும் இடையில் ஒரு வாய்க்கால் ஓடுது. லைவ் என்பது அந்த வாய்க்காலின் அக்கரை.

போடியாரும் வயல்காரரும்

மோட்டின் கதையை எங்கட பக்கம் வயல் முறை தெரிந்தவர்களுக்கு லேசாக விளக்கலாம். காணி போடியார்ர. உழுது விதைச்சுப் பாடுபடுறவர் வயல்காரர். பயிர் பச்சையா நிக்கிற வரைக்கும் ரெண்டு பேருக்கும் பெரிய பேச்சில்லை. சூடடிச்சு நெல்லு குவியக்குள்ளதான் கணக்கு வெளியில வரும்.

‘டியூக் நியூகம் 3டி’ கேமோடு, புதுக் கட்டங்களை நாமே கட்டிக்கொள்ளும் கருவியையும் சேர்த்தே கொடுத்தார்கள். கட்டுங்கோ, இணையத்தில் இலவசமாகப் பகிருங்கோ என்று கொம்பனியே ஊக்கப்படுத்தியது. மைக்ரோ ஸ்டார் என்று இன்னொரு நிறுவனம் அப்படி ஆக்கள் கட்டிப் போட்ட 300 கட்டங்களைத் திரட்டி ஒரு சீடீயில் அடித்து விற்றது. வழக்கு நடந்து, 1998இல் தீர்ப்பு வந்தது. அந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றும் டியூக்கின் கதையை நீட்டும் இரண்டாம் பாகம் போன்றவை, இரண்டாம் பாகம் எழுதும் உரிமை முதல் பாகத்தின் சொந்தக்காரருக்கே என்றது நீதிமன்றம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், கட்டங்களைக் கட்டின ஆயிரக்கணக்கான பொடியன்களை யாரும் தொடவில்லை. நெல்லை மூட்டை கட்டினவர்தான் மாட்டினார்.

இதே நீதிமன்றம் 6 வருசம் முந்தி, 1992இல், நிண்டென்டோ கேமில் உயிரைக் கூட்டவும் வேகத்தை மாற்றவும் செய்த ‘கேம் ஜீனி’ என்ற கருவியைச் சரி என்று விட்டிருந்தது. அது எதையும் நிலையாக மாற்றிப் புதிதாக ஒன்றைப் படைக்கவில்லை, வீட்டில் ஒருவர் தன் விருப்பத்துக்கு விளையாடுகிறார், அவ்வளவுதான் என்பது காரணம். தடை உத்தரவால் விற்பனை நின்ற காலத்துக்கு நிண்டென்டோ 15 மில்லியன் டொலர் நட்டஈடு கட்ட வேண்டி வந்தது. ஆக கொம்பனிதான் எப்பவும் வெல்லும் எண்டில்லை. வீட்டுக்குள்ள விளையாடுற வரைக்கும் சட்டம் கொஞ்சம் இளகியே இருந்தது.

போடியார் நல்லவராக இருந்த கதைகளும் உண்டு. ‘ஹாஃப் லைஃப்’ கேமின் மேல் இரண்டு பேர் கட்டின மோட்தான் 1999இல் வந்த ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’. வால்வ் கொம்பனி அதை அடுத்த வருசமே வாங்கித் தன் பெயரில் வெளியிட்டது. ‘வோர்கிராஃப்ட் 3’க்குள் ரசிகர்கள் செய்த ‘டோட்டா’ இன்னொன்று. அது பெருத்துப் போனபோது யாருடைய பெயர் என்று வால்வும் பிளிசார்டும் மோதி 2012இல் சமாதானமானார்கள். பிளிசார்ட் பாடம் படித்துக்கொண்டது. 2020இல் ‘ரீஃபோர்ஜ்ட்’ பதிப்பை வெளியிட்டபோது, எங்கட கேமுக்குள்ள நீங்க கட்டுற எல்லாம் எங்களுக்கே சொந்தம் என்று நிபந்தனையில் எழுதிவிட்டது.

எங்கட பொடியன்களுக்குக் கிட்டின உதாரணம் பப்ஜிதான். பிரென்டன் கிரீன் என்ற அயர்லாந்துக்காரர் முதலில் செய்தது தனிக் கேம் இல்லை. ‘ஆர்மா 2’ என்ற கேமுக்கு வந்த ‘டேய்ஸீ’ மோட்டின் மேல் இன்னொரு மோட். மோட்டுக்கு மோட். அதில் இருந்துதான் 2017 மார்ச்சில் பப்ஜி வந்தது. சரி, மோட்டில் பிறந்த கேம் மற்றவர்களிடம் தாராளமாக இருக்கும் என்று நினைப்போம். 2022 ஜனவரியில் பப்ஜியின் கொம்பனியான கிராஃப்டன், தங்கள் கேமைப் பார்த்துக் கொப்பி அடித்ததாக ‘ஃப்ரீ ஃபயர்’ செய்த கரீனாவின் மேல் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. அப்பிளும் கூகுளும் கூட எதிராளிகள். கூகுளின் மேல் சொன்ன முறைப்பாட்டில் ஒன்று, ஃப்ரீ ஃபயர் விளையாட்டுக் காட்சிகளை யூடியூப்பில் ஓட விடுகிறது என்பது. விளையாடிக் காட்டுகிற வீடியோவே வழக்குத் தாளில் ஏறிவிட்டது. அந்த வருசம் ஃப்ரீ ஃபயர் லைவ் போட்டுக்கொண்டிருந்த எங்கட பொடியன்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

லைவ் வந்த பிறகு

காட்டுவதும் மோட்டும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்ட கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ‘சூப்பர் ஸ்மாஷ் புரோஸ் மெலீ’ 2001இல் நிண்டென்டோ வெளியிட்ட சண்டைக் கேம். கொம்பனி அதை மறந்து அடுத்த பாகங்களுக்குப் போய்விட்டது. ஆனால் அதை விளையாடுகிறவர்கள் விடவில்லை. 2013இல் ‘ஈவோ’ என்ற பெரிய போட்டியில் கடைசி இடத்துக்கு எந்தக் கேம் என்று முடிவு செய்ய, மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்கு எந்தக் கேமின் ரசிகர்கள் கூட நன்கொடை கொடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். மெலீக்காரர்கள் 94,000 டொலருக்கு மேல் சேர்த்தார்கள். போட்டி நெருங்கும் நேரம் பார்த்து, லைவ் போட வேண்டாம் என்று நிண்டென்டோ சொன்னது. இணையம் கொதித்தது. சில மணித்தியாலத்தில் கொம்பனி பின்வாங்கியது. அன்றைக்கு நடந்தது அசல் கேம், மோட் இல்லாதது. அதையே காட்டாதே என்று சொல்லும் அதிகாரம் தங்களிடம் இருக்கிறது என்பதை ஒரு நாள் காட்டிவிட்டு அடங்கினார்கள்.

அந்த அதிகாரம் திரும்ப வந்தது கொரோனா வருசத்தில். மெலீ பழைய கேம், அதில் இணையத்தால் விளையாட வசதி இல்லை. 2020 ஜூனில் ரசிகர்கள் ‘ஸ்லிப்பி’ என்ற மோட்டைச் செய்து, கணினியில் ஓடும் எமியுலேட்டர் வழியாக, ஊர் விட்டு ஊர் இருப்பவர்களும் பக்கத்தில் இருப்பது போல விளையாட வைத்தார்கள். மண்டபங்கள் மூடிக் கிடந்த காலத்தில் அது ஒரு வரம். அமெரிக்காவின் மிச்சிகனில் வருசா வருசம் நடக்கும் ‘த பிக் ஹவுஸ்’ போட்டியை டிசம்பரில் இணையத்தில் நடத்த ஏற்பாடு செய்தார்கள். நவம்பரில் நிண்டென்டோவின் தடைக் கடிதம் வந்தது. ஸ்லிப்பியைப் பயன்படுத்த வேண்டுமென்றால் கேமைச் சட்டவிரோதமாகக் கொப்பி பண்ண வேண்டும், அதனால் அனுமதிக்க மாட்டோம் என்பது கொம்பனியின் வாதம். அந்தப் போட்டியில் மோட் எதுவும் இல்லாத இன்னொரு ஸ்மாஷ் கேமும் இருந்தது. மெலீயோடு சேர்த்து அதுவும் நின்றது. நடத்துனர்களிடம் வழக்காடக் காசு இல்லை. முழுப் போட்டியும் போனது.

எனக்கு இதில் நிண்டென்டோவின் மேல் கோபம்தான் வருகிறது. 19 வருசப் பழைய கேம், கொம்பனிக்கு அதில் பெரிய விற்பனை இல்லை, ஆக்கள் வீட்டுக்குள்ள அடைபட்டுக் கிடக்கிற காலம். ஆனால் என் கோபம் சட்டத்தை மாற்றாது. 2023இல் நிண்டென்டோ சமூகப் போட்டிகளுக்கு எழுத்தில் விதி போட்டது. நேரில் நடத்தினால் 200 பேர், இணையத்தில் 300 பேர் என்று எல்லை, பரிசுக்கு 5,000 டொலர் எல்லை, திருத்திய கேம் கூடாது.

அதே 2023 ஏப்ரலில் ‘பொயின்ட்குரோ’ என்ற பெயரில் வீடியோ போடும் அமெரிக்க யூடியூபருக்கு நடந்தது இன்னும் நேரானது. செல்டா கேமான ‘பிரெத் ஒஃப் த வைல்ட்’ தனி ஆள் விளையாடுவது. அதைப் பல பேர் சேர்ந்து விளையாட ஒரு மோட் செய்து தந்தால் 10,000 டொலர் தருவதாக 2021இல் அவர் அறிவித்தார். செய்தார்கள். அவர் விளையாடிக் காட்டினார், இலட்சக்கணக்கில் ஆக்கள் பார்த்தார்கள். அடுத்த செல்டா கேம் வெளிவர ஒரு மாதம் இருக்கும்போது நிண்டென்டோ அவருடைய வீடியோக்களின் மேல் பதிப்புரிமை முறைப்பாடு போட்டது. கேமை வாங்காமல் விளையாடியவர் இல்லை அவர். மோட்டுக்குக் காசு, பெரிய கூட்டம், புதுக் கேம் வரும் நேரம்: மூன்றும் ஒன்றாக வந்தன. ஆறு மாதம் முந்திப் போட்டிருந்தால் தப்பியிருப்பாரோ என்னவோ.

நேரம் என்ற விசயத்தை வைஸ் சிட்டியை வைத்திருக்கும் டேக் டூ கொம்பனியிடமும் பார்க்கலாம். 2017 ஜூனில் ‘ஓபன் ஐவி’ என்ற மோட் கருவியை அவர்கள் தடுத்தார்கள். விளையாடுபவர்கள் கேமுக்குக் கெட்ட விமர்சனமாக எழுதிக் குவித்ததில், தனி ஆள் விளையாடுகிற, வியாபாரம் இல்லாத மோட்டுகளை வழமையாகத் தொட மாட்டோம் என்று ரொக்ஸ்டார் சொன்னது. கருவியும் திரும்பி வந்தது. அது 2017. 2021 நவம்பரில் பழைய மூன்று ஜீடிஏ கேம்களையும் புதுப்பித்து விற்க வந்தார்கள். அதுக்கு முந்தியே பழைய கேம்களுக்கான மோட்டுகள் ஒவ்வொன்றாக இணையத்தில் இருந்து இறங்கின. ஜீடிஏ 3, வைஸ் சிட்டி இரண்டின் நிரலையும் பின்னோக்கிப் பிரித்து எழுதியவர்கள் மேல் அந்த செப்டம்பரில் வழக்கே போட்டார்கள். 2025 ஜனவரியில், வைஸ் சிட்டியை ஜீடிஏ 4க்குள் முழுசாக மாற்றிக் கட்டின ரஷ்ய ரசிகர் குழுவொன்று வெளியீட்டுக்குத் தயாரானபோது, அவர்களின் யூடியூப் சேனல் நீக்கப்பட்டது. மோட் எப்படியோ வெளியே வந்துவிட்டது. சேனல் போனது போனதுதான்.

இங்கேதான் டெக் காலத்துக்கும் லைவ் காலத்துக்கும் உள்ள வித்தியாசம். முற்றத்தில் ஓடின படத்தைச் சொந்தக்காரர் தேடி வர வேண்டியிருந்தது. லைவ்ல நாமே படத்தை அவர்ர வீட்டு வாசலுக்கு அனுப்பி வெக்கிறோம். தலைப்பு, திகதி, எத்தனை பேர் பாத்தாங்க, எவ்வளவு காசு வந்தது, எல்லாம் அதுக்குள்ளயே இருக்கும். மோட் செய்தவன் ஏதோ ஒரு புனைபெயருக்குப் பின்னால இருப்பான். காட்டுறவன் தன் முகத்தோட இருக்கான். அதனால முதல்ல கை வைக்கிறது காட்டுறவன்ட கழுத்துலதான்.

கொம்பனிகள் ஏன் இப்படிப் பயப்படுகின்றன என்று கேட்டால், பேராசை மட்டும் காரணம் இல்லை. 2005இல் ‘ஹொட் கொஃபி’ என்ற மோட் சான் அன்ட்ரியாஸ் கேமுக்குள் மறைத்து விடப்பட்டிருந்த பாலியல் காட்சியைத் திறந்துவிட்டது. அமெரிக்காவில் கேமின் வயது வகுப்பே வயது வந்தோர் மட்டும் என்று மாறி, கடைகள் அதை இறக்கின. 2023இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ போட்டியொன்றின் லைவில், விளையாடினவரின் கணினியில் இருந்த மோட்டால் சுன் லீ உடுப்பில்லாமல் வந்து நின்றாள். நம்மட வீட்டு ஹோல்ல டீவியில லைவ் ஓடக்குள்ள, உம்மா தேத்தண்ணி கொண்டு வாற நேரம் இப்படி ஒண்டு வந்தா எப்படி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க. கொம்பனிக்கு அந்த உம்மா மாதிரி இலட்சம் பேர்.

தமிழில் லைவ் என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வரும் ஒரு வழக்கு உண்டு. 2020 செப்டம்பரில் இந்தியா பப்ஜி மொபைலைத் தடை செய்தது. அதன் பிறகும் விபிஎன் வழியாகக் கொரியப் பதிப்பை விளையாடி லைவ் போட்டவர் ‘பப்ஜி மதன்’. 2021 ஜூனில் தர்மபுரியில் கைதானார். பதிப்புரிமை அங்கே பேச்சே இல்லை. பெண்களை ஆபாசமாகப் பேசியதும் பார்வையாளர்களிடம் பணம் வாங்கியதும்தான் குற்றச்சாட்டுகள். மோட்டோடு இது நேரடியாகச் சம்பந்தப்படவில்லை என்பது சரி. ஆனால் பொலிசுக்குச் சாட்சி தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அவருடைய சேனலிலேயே கிடந்தது.

இனி எங்கட சட்டம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் ஒரு படைப்பாகப் பாதுகாக்கிறது. படைப்பை மாற்றி அமைப்பதும் பொதுமக்களுக்கு எடுத்துச் செல்வதும் உரிமைக்காரரின் உரிமைகள். 11ஆம் பிரிவில் நியாயமான பயன்பாடு என்ற விலக்கு உண்டு. அமெரிக்கச் சட்டத்தில் போலவே நாலு கேள்வி கேட்பார்கள்: எதற்காகப் பயன்படுத்தினாய், வியாபாரமா, அது என்ன மாதிரியான படைப்பு, எவ்வளவு எடுத்தாய், அதனால் சொந்தக்காரரின் சந்தைக்கு என்ன நடந்தது. விமர்சனம் செய்ய ஐந்து நிமிசம் காட்டுகிறவருக்கு இதில் இடம் இருக்கிறது. நாலு மணித்தியாலம் முழுக் கேமையும் விளம்பரத்தோடு ஓட விடுகிறவருக்கு அந்த இடம் ரொம்பச் சின்னது.

மோட்டை விட எங்கட ஆக்களுக்குக் கிட்ட இருக்கிற ஆபத்து வேறொன்று. உரிமை மீறிய நிரல் என்று தெரிந்தும் அதை வியாபார இலாபத்துக்குப் பயன்படுத்துவதே இந்தச் சட்டத்தில் குற்றம். 6 மாதம் வரை சிறை, 500,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். கிரெக் பண்ணின கேமை வீட்டில் விளையாடுகிற வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். அதே கொப்பியில் மோட் போட்டு, சேனலில் விளம்பரக் காசு எடுக்கும்போது ‘வியாபார இலாபம்’ என்ற சொல் வந்து ஒட்டிக்கொள்கிறது. நாளைக்கே பொலிஸ் வரும் எண்டு நான் பயங்காட்டல்ல. கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் எண்டு தெரிஞ்சு நிண்டா நல்லம் எண்டுதான் சொல்றேன்.

நடைமுறையில் அடி விழுவது நீதிமன்றத்தில் இல்லை, யூடியூப்பில். இரண்டு விதமான அடி உண்டு, பலரும் குழப்பிக்கொள்வார்கள். பாட்டுக்கு வருவது பெரும்பாலும் கன்டென்ட் ஐடி உரிமைகோரல். வீடியோ அப்படியே இருக்கும், விளம்பரக் காசு பாட்டுக் கொம்பனிக்குப் போகும். எம்பி3 ஃபோல்டரில் போட்ட ரஹ்மான் பாட்டு இப்ப அங்கதான் கொண்டு போய் விடும். மற்றது ஸ்ட்ரைக். உரிமைக்காரர் முறைப்பாடு போட்டு வீடியோவை இறக்குவது. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே இல்லை. பழைய லைவ்கள் சேனலில் அப்படியே கிடந்தால் கொம்பனி ஒரே நாளில் மூன்றைத் தேடி எடுக்கலாம்.

பிழையாக ஸ்ட்ரைக் போட்டுவிட்டார்கள் என்றால் எதிர் அறிவித்தல் கொடுக்கலாம். அந்தப் படிவத்தைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். சொந்தப் பெயர், வீட்டு முகவரி எழுத வேண்டும். அது முறைப்பாடு போட்டவருக்குப் போகும். அமெரிக்காவுக்கு வெளியில் இருப்பவர், அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குச் சம்மதிக்கிறேன் என்றும் ஒப்பமிட வேண்டும். கிடைத்த 10 வேலை நாளுக்குள் கொம்பனி வழக்குப் போடாவிட்டால் வீடியோ திரும்பி வரலாம். போட்டால், கடற்கரை வீதியில் இருக்கும் ஒரு பொடியன் கலிஃபோர்னியாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். இங்கே கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்குக்காக இரவு பஸ் ஏறுவதே எங்களுக்குப் பெரிய பாடு.

வியாபாரமாகச் செய்ய நினைப்பவர்களுக்கு இன்னும் சில சின்னச் சின்ன முள்ளுகள். ஜீடிஏ ரோல்பிளே சேவர்களைப் பற்றி 2022 நவம்பரில் ரொக்ஸ்டார் போட்ட விதி, கேமுக்குள் நிஜமான வியாபாரப் பெயர்களையும் வெளிப் பாட்டுகளையும் கொண்டுவருவதையும், ஸ்பொன்சர் காசு வாங்குவதையும் தடுக்கிறது. ஆக ஊர்க் கடைக்காரர் ஒருவரின் பெயர்ப் பலகையைக் கேமுக்குள்ள மாட்டி, அவரிடம் மாதம் இவ்வளவு என்று வாங்கினால், ஒரே பலகையில் இரண்டு விதியும் உடையும். சேனல் மூடிய பிறகு அந்தக் காசைத் திருப்பிக் கேட்பவர் கலிஃபோர்னியாவில் இல்லை, பஸாரில்தான் இருக்கிறார். வேறொரு முள், மோட்டுக்குள் ஒளிந்து வரும் வைரஸ். 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் மோட்டுகள் சிலவற்றுக்குள் கடவுச்சொல் திருடும் நிரலை யாரோ புகுத்திவிட்டார்கள், அதுவும் எல்லாரும் நம்பி இறக்கும் பெரிய தளத்திலேயே. லைவ் போடும் கணினியில்தான் சேனலின் சாவியும் இருக்கிறது.

அதுக்காக எல்லாத்தையும் மூடி வெச்சுட்டு வா எண்டு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கதவைத் தாங்களே திறந்து வைத்த கொம்பனிகள் இருக்கின்றன. மைன்கிராஃப்ட் வீடியோவுக்கு விளம்பரக் காசு எடுக்க அதன் விதிகளே இடம் தருகின்றன. இந்தோனேசியாவின் மலேயோ நிறுவனம் செய்த ‘பஸ் சிமியுலேட்டர் இந்தோனேசியா’வில் வாகன மோட் போடும் வசதி கேமுக்குள்ளேயே உண்டு. எங்கட நாட்டுப் பொடியன்கள் அதுக்குள்ள இ.போ.ச. சிவப்பு பஸ்ஸைக் கொண்டுவந்தாங்க, தனியார் பஸ்ஸையும் விடல்ல. முன்கண்ணாடி ஸ்டிக்கர், உள்ள தொங்குற மாலை, எல்லாம் அச்சொட்டா இருக்கும்.

என் சாச்சிட மகன் ஒருத்தன் ஜீடிஏயை விட்டுட்டு இப்ப அதைத்தான் லைவ் போடுறான். போன கிழமை வந்து, “காக்கா, இந்தக் கேம்ல மோட் போட அவங்களே விட்டிருக்காங்க, அப்ப எனக்கு ஒண்டும் வராதுதானே?” எண்டு கேட்டான். பஸ்ஸைப் பாத்தேன். கல்முனை – கொழும்பு எண்டு தமிழ்லயும் சிங்களத்துலயும் எழுதியிருந்தது, வடிவா இருந்தது. அப்ப அவன் ஹோர்னை அடிச்சான். விஜய் படப் பாட்டு, முழுசா ரெண்டு வரி மெட்டு. இதுக்கு என்ன செய்யிற எண்டு கேட்டான். ஹோர்னை மாத்து எண்டு சொன்னேன். மாத்த மாட்டேன் எண்டு போயிட்டான்.